மேல் வரிசை, இடது ஓரம்

கென்சாகு தன் கிண்ணத்தில் பாதிக்கு மேல் முடித்துவிட்ட பிறகுதான் மிசாவோ அந்த அண்டாவைப் பார்த்தாள். பார்க்க வேண்டும் என்று பார்க்கவில்லை. மூக்குக்கண்ணாடியில் படிந்திருந்த ஆவியைத் துடைத்து மாட்டிக்கொண்டு தலையை நிமிர்த்தினாள், அவ்வளவுதான். கவுன்டருக்கு அந்தப் பக்கம், ஒரு ஆள் உள்ளே உட்கார்ந்து குளிக்கக்கூடிய அகலத்தில் இரும்பு அண்டா ஒன்று தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. கடைக்காரர் அதிலிருந்து மஞ்சள் நூடுல்ஸை வலைக்கரண்டியால் அள்ளி, இரண்டு உதறு உதறி, கிண்ணத்தில் கவிழ்த்தார். பிறகு பின்னால் திரும்பி ஒரு மரப்பெட்டியைத் திறந்தார். சாம்பல் நிறத்தில், கரும்புள்ளி விழுந்த வேறு நூடுல்ஸை இரண்டு கை நிறைய எடுத்து, அதே அண்டாவில் போட்டார். அதே தண்ணீரில். ஆவியோடு வறுத்த தானிய வாசம் ஒன்று எழுந்து அவள் மூக்குக்கு வந்தது. சொபா.

சொபா என்கிற அந்தக் கறுப்புத் தானியம் நாட்டில் பாதிப் பேருக்கு உயிர் என்றால் அவள் கணவர் கென்சாகுவுக்கு எமன். பதினோரு வருடங்களுக்கு முன்னால், வெந்நீர் ஊற்று விடுதி ஒன்றில், சொபா உமி அடைத்த தலையணை என்று தெரியாமல் தலை வைத்துப் படுத்த மனிதர், விடியும்போது தரையில் போட்ட மீனைப் போல வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். வாயில் ஒரு பருக்கைகூடப் போகவில்லை, மூச்சில் போன தூசிக்கே அந்தக் கதி. அன்றிலிருந்து எந்த விடுதிக்குப் போனாலும் மிசாவோ முதல் வேலையாகத் தலையணை உறையைக் கழற்றி முகர்ந்து பார்ப்பாள். எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் உட்காருவதற்கு முன் குரலைத் தாழ்த்தி, "இங்க சொபா ஏதும் உண்டுங்களா?" என்று கேட்பாள். அவள் கேட்கிற அந்த அரை நிமிடம் கென்சாகு சுவரில் மாட்டியிருக்கிற நாட்காட்டியை வெகு அக்கறையாகப் படித்துக்கொண்டிருப்பார், இந்த அம்மா யாரோ, நான் யாரோ என்கிற மாதிரி.

இப்படி ஒரு உடம்பை வைத்துக்கொண்டு அந்த மனிதருக்கு வாய்த்த பைத்தியமோ ராமென் பைத்தியம், சூடான சாற்றில் மிதக்கிற கோதுமை நூடுல்ஸ். தெற்கே குருமே நகரில் டயர் தொழிற்சாலை ஒன்றில் ஷிப்டு மேஸ்திரி. வருடத்துக்கு ஒருமுறை கிடைக்கிற ஒரு வார லீவில், மற்றவர்கள் கோயில் குளம் என்று போவார்கள். இவர் பெண்டாட்டியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ராமென் தேடிக் கிளம்பிவிடுவார். சட்டைப்பை நோட்டில் இதுவரை இருநூற்றுப் பதிமூன்று கிண்ணங்கள். வடக்குக் கடலில் ஒரு தீவு, கப்பலில் இரண்டு மணி நேரம், கடையைத் திறப்பதே ஒரு நாளைக்கு இரண்டரை மணி நேரம். அங்கே குடித்த கடற்பாசிச் சாறு. கிதகதாவில் காலை ஏழு மணிக்கு, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பக்கத்தில் உட்கார்ந்து தின்ற தடித்த நூடுல்ஸ். தொயாமாவில் மை போலக் கறுத்த சாறு. அவர் சொல்லச் சொல்லக் கேட்பவர்களுக்கு எச்சில் ஊறும். மிசாவோவுக்கு இதில் ஒன்றுகூட ருசியாக நினைவில் இல்லை. அவர் சாப்பிடும் குச்சிகளைக் கீழே வைத்து அரை மணி நேரம் ஆகும்வரை அவள் வாயில் போவதெல்லாம் வெந்நீர்தான். எந்தக் கடை நல்ல கடை என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. எந்தக் கடையிலிருந்து ஆஸ்பத்திரி எத்தனை நிமிடம் என்று கேட்டால் சொல்லுவாள்.

நேற்று அதில்தான் சண்டை. வேறொரு ஊரில், எட்டே நாற்காலி போட்ட ஒரு கடையில், வழக்கம்போல அவள் கேட்டாள். அந்தக் கடைக்காரருக்கு முகம் சுண்டிப்போய்விட்டது. "எங்கப்பா காலத்துலருந்து ராமென் மட்டுந்தாம்மா போடறோம்" என்று சொல்லிவிட்டு, அதன் பிறகு அவர்கள் பக்கமே திரும்பவில்லை. கென்சாகு அந்தக் கிண்ணத்தைத் தலை கவிழ்ந்தபடியே தின்று முடித்து, காரில் ஏறி இரண்டு மணி நேரம் வாய் திறக்கவில்லை. விடுதி வந்ததும்தான் திறந்தார். "பத்து வருஷமா நீ கேட்டதுல ஒருத்தனாச்சும் உண்டுன்னு சொல்லியிருக்கானா? கல்யாண வீட்டுல போயி, மாப்பிள்ளை நல்லவனான்னு மாப்பிள்ளைகிட்டயே கேக்குற மாதிரி இருக்கு. நாளைக்கு நீயே கடையப் பாரு, நீயே சாப்பாட்டு டிக்கெட்டும் எடு. என்னை ஆள விடு."

ஆகவே இந்தக் கடை மிசாவோ தேடியது. விடுதிக்கார அம்மாள், "இந்த ஊர்ல ராமென்னா அங்கதான்" என்று வரைபடமே போட்டுக் கொடுத்தாள். குருமேயில் ராமென் கடை என்றால் ராமென் மட்டும்தான் இருக்கும். சொபா கடை வேறு தெருவில், வேறு மனிதர்களோடு இருக்கும். இந்தப் பனி ஊர்களில் பழைய சொபா கடைக்காரர்கள்தான் ராமெனும் போடுகிறார்கள், ஊர்க்காரர்கள் நல்ல ராமென் தின்ன நேராகச் சொபா கடைக்குத்தான் போவார்கள் என்பதெல்லாம் விடுதிக்கார அம்மாளுக்குச் சொல்லத் தோன்றவில்லை. பிறந்ததிலிருந்து பார்க்கிற விஷயத்தை யார் எடுத்துச் சொல்லுவார்கள்?

கென்சாகு காரை நிறுத்த இடம் தேடிப் போயிருந்தார். கடை வாசலில் பனி இடுப்புயரத்துக்கு ஏறிக் கிடந்தது, பெயர்ப்பலகையையும் பாதி மூடியிருந்தது. மிசாவோ வரிசையில் நின்று உள்ளே நுழைந்த அந்த நொடியில், வெளிக்குளிரும் உள்ஆவியும் சேர்ந்து கண்ணாடி வெள்ளையாகிவிட்டது. எதிரே, காசு போட்டு வேண்டிய பண்டத்துக்கு டிக்கெட் எடுக்கிற இயந்திரம். பொத்தான்கள் மங்கலாகத் தெரிந்தன. நடுவில் ஏதோ ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு நிதானமாகப் படித்திருக்கலாம். ஆனால் பின்னால் பன்னிரண்டு பேர், கதவு திறந்தபடி, அவர்கள் தோளில் பனி விழுந்துகொண்டிருக்கிறது. யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். ராமென் தேடி அலைகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒரு வழக்கம் உண்டு: புதுக் கடையில் எதை எடுப்பது என்று தெரியாவிட்டால், மேல் வரிசையில் இடது ஓரத்துப் பொத்தானை அமுக்கு, கடைக்காரன் தன் பேர் சொல்லும் பண்டத்தை அங்கேதான் வைத்திருப்பான். மிசாவோ அதை இரண்டு தடவை அமுக்கினாள். இரண்டு டிக்கெட் விழுந்தது. நகர்ந்துவிட்டாள்.

அவள் வேலை பார்ப்பது பள்ளிக்கூடச் சமையலறையில். பத்தொன்பது வருட சர்வீஸ். முட்டை ஆகாத பிள்ளைக்கு மஞ்சள் தட்டு, பால் ஆகாத பிள்ளைக்கு நீலத் தட்டு. ஒவ்வொரு தட்டையும் இரண்டு பேர் விரல் நீட்டி, பிள்ளையின் பெயரை வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்த பிறகுதான் வகுப்புக்குப் போகும். இத்தனை வருடத்தில் ஒரு தட்டு மாறியதில்லை. கென்சாகு பனியை உதறிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்ததும், மெல்லிய குரலில் கேட்டார். "சொபா இல்லன்னு பாத்துட்டியா?"

"ம். பாத்தேன்" என்றாள். நேற்றைய முகத்தை அவர் மறுபடி தூக்கி வைத்துக்கொள்ளக்கூடாது என்பதற்காகச் சொன்ன ஒரு சொல். அதைச் சொல்லும்போது அவளுக்குப் பெரிய பொய்யாகக்கூடப் படவில்லை.

இப்போது கண்ணாடி தெளிந்துவிட்டது. திரும்பி வாசல் பக்கம் பார்த்தாள். இயந்திரத்தின் நடுவில் இருந்த காகிதத்தை இங்கிருந்தே படிக்க முடிந்தது. சொபாவும் ராமெனும் ஒரே தண்ணீரில் வேகவைக்கப்படும், ஒவ்வாமை உள்ளவர்கள் தயவுசெய்து தவிர்க்கவும். சிவப்பு மையில், கட்டம் போட்டு, குழந்தைகூடப் படிக்கக்கூடிய எழுத்தில்.

அவள் கென்சாகுவின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"கீழ வைங்க."

"என்ன?"

"சாப்பிட்டது போதும். வைங்க கீழ."

அவர் எரிச்சலோடு திரும்பினார். அவள் முகத்தைப் பார்த்தார், பிறகு அவள் கண் போன திசையில் அண்டாவைப் பார்த்தார். கடைக்காரர் சாம்பல் நூடுல்ஸை அள்ளிக்கொண்டிருந்தார். கென்சாகு குச்சிகளைக் கிண்ணத்தின் மேல் இணையாக, ஒழுங்காக வைத்தார். இடது காதைச் சொறிந்துகொண்டார். அதுவரை இரண்டு மூன்று தடவை அதே காதைச் சொறிந்திருந்தார் என்பது மிசாவோவுக்கு அப்போதுதான் உறைத்தது. காதுமடல் செக்கச்செவேலென்று இருந்தது. கழுத்தில் காலருக்கு மேலே தடிப்புத் தடிப்பாகக் கிளம்பிக்கொண்டிருந்தது.

"ஊசி எங்க?" என்றாள். இந்த மாதிரி நேரத்துக்கென்று டாக்டர் கொடுத்திருந்த அவசர ஊசி.

"வண்டில. பையில."

"கூடவே வச்சிருங்கன்னு சொன்னேனா இல்லையா?"

"நீ பாத்தேன்னு சொன்னியே." குற்றமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு, கவுன்டரில் இரண்டு கையையும் ஊன்றினார். "வா, வண்டிக்குப் போயிரலாம். இங்க வேணாம். நாலு பேரு சாப்பிடற எடம்."

எழுந்திருக்கப் போகிறார். ஒவ்வொரு ஏப்ரலிலும் தீயணைப்பு நிலையத்திலிருந்து ஒரு ஆள் ரப்பர் பொம்மையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வருவார். ஒரே பாடத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லுவார். நிற்க வைக்காதீர்கள், நடக்க வைக்காதீர்கள். ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருக்கிறவர் எழுந்து நாலடி வைத்தால் இருதயத்துக்கு ரத்தம் திரும்பாது. செத்தவர்களில் பலர் கழிப்பறைக்குப் போகிற வழியில்தான் செத்திருக்கிறார்கள், பிறருக்குத் தொந்தரவு வேண்டாம் என்று எழுந்து போனவர்கள். கார் இருநூறு மீட்டர் தள்ளி, பனிக்குள் நின்றது. மிசாவோ அவருடைய இடுப்பு பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள்.

"எழுந்திருக்கக் கூடாது. இங்கயே படுங்க."

"எல்லாரும் பாக்குறாங்கடி. விடு."

"பாக்கட்டும்."

"விடுங்கறேன்ல" என்று அவர் சொன்னபோது குரல் மாறியிருந்தது, சளி பிடித்தவர் பேசுவது போல. மேலுதடு ஒரு பக்கம் தடித்துத் தொங்கியது. அதைப் பார்த்ததும் மிசாவோவுக்கு வெட்கம், மானம், ஊர், மனிதர்கள் எல்லாம் போய்விட்டன. கடைக்குள் ஒருநாளும் குரல் உயர்த்தியிராதவள், வயிற்றிலிருந்து கத்தினாள்.

"இவருக்கு சொபா ஆகாது! சாப்பிட்டுட்டாரு! வண்டில ஊசி இருக்கு, யாராச்சும் ஓடுங்க!"

ஆரஞ்சு நிற மேலங்கி போட்ட, பனி அள்ளும் வண்டி ஓட்டுகிற ஒருவர் எழுந்து, அவள் நீட்டிய சாவியைப் பறித்தார். "எந்த வண்டி?" "வெள்ளை. குருமே நம்பர். பின் சீட்டு, நீலப் பை." ஆள் கதவைக்கூடச் சாத்தாமல் ஓடினார். வேறு யாரோ போனில் ஆம்புலன்ஸ் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கென்சாகு இப்போது அவளோடு மல்லுக்கட்டவில்லை, கட்ட முடியவில்லை. நாற்காலியிலிருந்து அவரைச் சரித்து, ஈரச் செருப்புத் தடம் கிடந்த சிமென்ட் தரையில் மல்லாத்தினாள். கடைக்காரர் காலுக்கு முட்டுக் கொடுக்க நூடுல்ஸ் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். பெட்டியின் விளிம்பில் சாம்பல் மாவு.

"அதை எடுத்துட்டுப் போங்க!" என்று அலறினாள். "கிட்டயே கொண்டாராதீங்க!"

அவர் பெட்டியோடு அப்படியே பின்வாங்கினார். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும், பெரிய உடம்பு. "மிஷின்ல ஒட்டியிருக்கேன்மா" என்றார். "பெருசாத்தாம்மா எழுதி ஒட்டியிருக்கேன்."

"ஒட்டியிருக்கீங்க" என்றாள் மிசாவோ. "உங்க மேல தப்பில்ல. நான்தான் படிக்கல. பாத்தேன்னு பொய் சொல்லிட்டேன்."

கென்சாகு கீழேயிருந்து அவளைப் பார்த்தார். கண்ணிமை வீங்கி, பார்வை ஒரு கீற்றாகியிருந்தது. அதில் கோபம் இருக்கிறதா என்று தேடினாள். கண்டுபிடிக்க முடியவில்லை. பக்கத்து மேஜையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு நடுவயதுப் பெண், செர்ரித் தோட்டத்தில் வேலை செய்கிறவள் போல முழங்கை வரை உறை போட்டிருந்தவள், தரையில் உட்கார்ந்து, அவருடைய இரண்டு காலையும், பனிச் சப்பாத்தோடு, தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள்.

பனி வண்டிக்காரர் திரும்பி வர ஆறு நிமிடம் ஆனது. அந்த ஆறு நிமிடத்தில் கென்சாகு ஒரு தடவை வாந்தி எடுத்தார். மிசாவோ அவரை ஒருக்களிக்க வைத்து வாயைத் தன் கழுத்துத் துணியால் துடைத்தாள். மூச்சு உள்ளே போகும்போது விசில் போல ஒரு சத்தம் வந்தது. அவர் கொண்டுவந்த ஊசிக் குழாயை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தாள். குளிரில் உறைந்திருக்குமோ என்று வேறு பயம். மருந்து தெளிவாகத்தான் இருந்தது. நீல மூடியைப் பிடுங்கினாள். வலது தொடையில், கால்சட்டையின் மேலேயே, ஆரஞ்சு முனையை வைத்து அழுத்தினாள். உள்ளே ஊசி பாய்ந்த அதிர்வு அவள் உள்ளங்கைக்கு வந்தது. ரப்பர் பொம்மைக்குச் செய்தது போலவே வாய்விட்டு எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து.

"எவ்ளோ நேரம் ஆகுமாம்?" என்று போன் பேசியவரைக் கேட்டாள்.

"மேட்டு ரோட்டுல லாரி ஒண்ணு சறுக்கி குறுக்க நிக்குதாம். இருபத்தஞ்சு நிமிஷம் சொல்றாங்க."

"நான் வண்டிய எடுத்துட்டு எதிர்ல போறேன்" என்றார் பனி வண்டிக்காரர். "ஆத்தோர ரோட்டுல பனியத் தள்ளி விட்டா ஆம்புலன்ஸ் அப்படியே உள்ள வந்துரும்." அவர் போய்விட்டார். வெளியே இயந்திரம் உறுமிக் கிளம்புவது கேட்டது.

இருபத்தைந்து நிமிடம். மிசாவோ யாரிடமும் சொல்லாத கணக்கு ஒன்று இருந்தது. அந்த மருந்து பதினைந்து நிமிடம் தாங்கும். நல்ல உடம்பென்றால் இருபது. அதற்குப் பிறகு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கலாம், இரண்டாவது ஊசி அவர்களிடம் இல்லை. பயமாக இருந்தது. பதினோரு வருடமாக ஒவ்வொரு கடையிலும் சுமந்த பயம் எல்லாம் இதன் பக்கத்தில் வெறும் பழக்கம் என்று தோன்றுமளவுக்குப் பயமாக இருந்தது. அவள் ஒரு கையை அவர் வயிற்றின் மேல் வைத்தாள், அது ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலைந்து நிமிடத்தில் விசில் சத்தம் கொஞ்சம் தணிந்தது. கென்சாகு உதட்டை அசைத்தார். அவள் குனிந்தாள்.

"பத்தொம்பது வருஷ சர்வீசு" என்றார். குரல் காற்றாக வந்தது. சிரிக்கப் பார்த்தார், உதடு ஒத்துழைக்கவில்லை.

"பேசாதீங்க. நான் பாவி. பேசாதீங்க."

"எல்லாரும் ஏன் சும்மா நிக்குறாங்க?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கவுன்டரிலும் மேஜைகளிலும் பதினேழு பதினெட்டுப் பேர். ஒருவரும் எழுந்து போகவில்லை. ஒருவரும் சாப்பிடவும் இல்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, கிண்ணங்களைப் பார்த்தபடி இருந்தார்கள். கடைக்காரர் அடுப்பை அணைத்திருந்தார். அவ்வளவு பெரிய அண்டா சத்தமில்லாமல் இருந்தது.

"நூடுல்ஸ் ஊறிப்போயிரும்" என்றார் கென்சாகு. "சாப்பிடச் சொல்லு. நல்ல சாறு. வீணாக்கக் கூடாது."

"இப்ப அதுவா முக்கியம்?"

"சொல்லு மிசாவோ."

அவளுக்கு இந்த மனிதரை அடிக்க வேண்டும் போலவும், வாரிச் சுருட்டி மடியில் போட்டுக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. தலையைத் தூக்கி, "சாப்பிடுங்கன்னு சொல்றாரு" என்றாள். "ஊறிப்போயிருமாம். தயவுசெஞ்சு சாப்பிடுங்க."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கவுன்டர் ஓரத்தில் இருந்த ஒரு பெரியவர் முதலில் குச்சிகளை எடுத்தார், பிறகு மற்றவர்கள். நூடுல்ஸ் என்றால் சர்ரென்று சத்தமாக உறிஞ்சித்தான் தின்பார்கள் அங்கே. சத்தம் போடாமல் தின்றால் பிடிக்கவில்லை என்று கடைக்காரர் நினைத்துக்கொள்வார். அந்தப் பெரியவர் உறிஞ்சவில்லை. கொஞ்சமாக எடுத்து, வாயில் வைத்து, பல்லால் கடித்து, மெதுவாக மென்றார். அவரைப் பார்த்து மற்றவர்களும் அப்படியே செய்தார்கள். கிண்ணத்தில் குச்சி இடிக்காமல், சாற்றைக் குடிக்கும்போது மூச்சு விடாமல், வாழ்நாளில் யாரும் ராமெனை அப்படித் தின்றிருக்க மாட்டார்கள். ஏன் என்று மிசாவோவுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. அவள் கென்சாகுவின் மூச்சைக் கேட்க வேண்டும் என்பதற்காக.

அது கேட்டது. உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. சுவர்க் கடிகாரத்தில் ஊசி போட்டுப் பதினாறு நிமிடம் கடந்திருந்தது. காலை மடியில் வைத்திருந்த பெண் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். ஆற்றோரத்தில் பனி வண்டியின் உறுமல் தூரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. சைரன் என்று எதுவும் இன்னும் இல்லை. உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. பிறகு உள்ளே போனது மெல்லியதாகப் போனது, விசில் போல. அடுத்த மூச்சுக்காக அவள் காத்திருந்தாள். வயிற்றின் மேலிருந்த கை ஏறவில்லை, அல்லது அவள் கைதான் மரத்துப் போயிருந்தது. காதை அவர் நெஞ்சில் அழுத்தி வைத்துக்கொண்டு, எல்லோரும் நிறுத்துங்கள் என்பது போல இன்னொரு கையைத் தலைக்கு மேல் உயர்த்தினாள்.

கடை முழுக்கக் குச்சிகள் வாய்க்கும் கிண்ணத்துக்கும் நடுவில் நின்றன. தூக்கிய நூடுல்ஸிலிருந்து சாறு சொட்டியது, அதை யாரும் துடைக்கவில்லை. பதினெட்டுப் பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.